பழைய இழைப்புளி: வாங்குமுன்னும் விற்குமுன்னும்

அகமதாபாத்தில் பணியாற்றிய நாட்களில், கடன் விண்ணப்பம் ஒன்றின் தொடர்பாகத் தச்சுப்பட்டறை ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். விண்ணப்பத்தில், கைவசமுள்ள கருவிகளையும் அவற்றின் மதிப்பையும் குறிப்பிட வேண்டிய பகுதி ஒன்று உண்டு. மின் அறுவை இயந்திரத்திற்கும் துளைக்கருவிக்கும் எதிரே தொகை எழுதப்பட்டிருந்தது. அடுத்த வரியில் ‘ரந்தா – 4’ என்றிருந்தது. நம் ஊரில் இழைப்புளி என்று சொல்வதைத்தான் அங்கே அவ்வாறு சொல்கின்றனர். அதற்கு எதிரே இருந்த கட்டம் வெறுமையாக இருந்தது.

காரணம் கேட்டேன். “பழையவைதானே, சாகேப்! இவற்றுக்கு என்ன விலை எழுதுவது?” என்றார் அந்த இளைஞர். பிறகு சற்றுத் தயங்கி, தம் பெரியப்பாவின் கருவிப்பெட்டியைப் பற்றிக் கூறினார். பெரியப்பா மறைந்த சில மாதங்களில், வீட்டார் அந்தப் பெட்டியைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிட்டனர். அதில் மூன்று இரும்பு இழைப்புளிகள் இருந்தன. சில வாரங்கள் கழித்து, சபர்மதிக் கரையில் ஞாயிறுதோறும் கூடும் குஜரி சந்தையில் அவற்றுள் ஒன்றை இவர் கண்டார். உடைந்துபோன கைப்பிடிக்குப் பதிலாகச் சிறுவயதில் இவரே செதுக்கிக் கொடுத்த கைப்பிடி அதில் இருந்ததால் அடையாளம் தெரிந்தது. விற்பவர் அந்த ஒன்றுக்குச் சொன்ன விலை, பெட்டி முழுவதற்கும் வீட்டார் பெற்ற தொகையைவிட அதிகம். அன்று கையில் அவ்வளவு பணம் இல்லை. அடுத்த ஞாயிறு சென்றபோது அது விற்றுப்போயிருந்தது.

வணிகவியல் படித்தவன் நான், மரவேலை அறியாதவன். எனினும் அந்த வெற்றுக் கட்டம் என்னை விடவில்லை. ஒரு பொருளின் மதிப்பு அறியப்படாதபோது, அதை விற்பவரும் இழக்கிறார், வாங்குபவரும் ஏமாறுகிறார். அதன்பின் தச்சர்களிடமும் கருவி வணிகர்களிடமும் கேட்டும், சந்தையில் கையில் எடுத்துப் பார்த்தும் அறிந்துகொண்டவற்றை வாடிக்கையாளர்களுக்குப் பயன்படும் என்னும் நம்பிக்கையில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

இருவகைக் கருவிகள்

பழைய சந்தையில் கிடைக்கும் இழைப்புளிகளை இரண்டாகப் பிரிக்கலாம். முதலாவது மரத்தாலானது. கடினமான மரக்கட்டையில் சாய்வாகத் துளையிட்டு, எஃகு அலகைச் செருகி, மர ஆப்பினால் இறுக்குவர். நம் நாட்டுத் தச்சர்கள் பலர் தாங்களே செய்துகொண்ட கருவி இது. பெரும்பாலும் இதற்குச் சந்தை விலை குறைவு. ஆனால் நல்ல அலகு இருந்தால் அந்த அலகுக்காகவே வாங்கலாம்.

இரண்டாவது வார்ப்பிரும்பாலானது. அமெரிக்காவின் லெனார்டு பெய்லி என்பவர் வகுத்த அமைப்பே இன்றுவரை இதற்கு அடிப்படையாக உள்ளது. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869 ஆம் ஆண்டில் வாங்கியது. அலகின் ஆழத்தைப் பித்தளைத் திருகினால் கூட்டவும் குறைக்கவும் இயலும் என்பது இதன் சிறப்பு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ரெக்கார்ட், இந்தியத் தயாரிப்புகளான அனந்த், க்ரோஸ் ஆகியவற்றின் இழைப்புளிகளும் இதே அமைப்பைப் பின்பற்றுபவையே.

இவ்வகைக் கருவிகளில் பொறிக்கப்பட்டுள்ள எண் அளவைக் குறிக்கும். 4 ஆம் எண் ஏறத்தாழ 9½ அங்குல நீளமுள்ளது. இறுதியாக மரத்தை வழவழப்பாக்க உதவும். 5 ஆம் எண் 14 அங்குலம், பொதுப் பயன்பாட்டுக்குரியது. 7 ஆம் எண் 22 அங்குலம். நீண்ட பலகைகளின் விளிம்பை நேராக்கி ஒட்டுவதற்கு உதவும். ரெக்கார்ட் கருவிகளில் இவையே 04, 05, 07 என அமையும். ஒரேயொரு பழைய இழைப்புளி வாங்கக் கருதுவோருக்கு 4 அல்லது 5 ஆம் எண்ணே பொருத்தமானது. இவை ஏராளமாகத் தயாரிக்கப்பட்டவை. ஆகவே தேர்ந்தெடுக்க வாய்ப்பு உண்டு, உதிரிப் பாகங்களும் கிடைக்கும்.

திருத்தக்கூடிய குறையும் திருத்த இயலாத குறையும்

கடன் ஆய்வில் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, தொழிலில் உள்ள குறை சரிசெய்யத்தக்கதா என்பது. பழைய கருவியைப் பார்க்கும்போதும் இதே கேள்வியைக் கேட்டால் போதும்.

துரு அச்சமூட்டும், ஆனால் மேற்பரப்பில் படிந்த துரு பெரும்பாலும் திருத்தத்தக்க குறையே. பாகங்களைப் பிரித்து வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து, நன்கு கழுவி உலர்த்தி எண்ணெய் பூசினால் அது நீங்கிவிடும். மழுங்கிய அலகைத் தீட்டிக்கொள்ளலாம். உடைந்த கைப்பிடியைத் தச்சர் தாமே செய்துகொள்வார். விற்பவரின் துணியில் அசிங்கமாகக் கிடக்கும் கருவி இக்காரணங்களால் மலிவாகக் கிடைக்கிறது என்றால், வாங்குபவருக்கு அதுவே வாய்ப்பு.

இனி, விலை எவ்வளவு குறைந்தாலும் எச்சரிக்கையோடு அணுக வேண்டிய குறைகள்:

முதலாவது, விரிசல். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் வளையாது, உடையும். அலகு வெளிவரும் வாயின் இரு மூலைகளையும், இரு பக்கச் சுவர்களையும் வெளிச்சத்தில் கூர்ந்து பார்க்க வேண்டும். பாகங்களை எல்லாம் கழற்றிவிட்டு, உடலை மட்டும் விரலில் தொங்கவிட்டு மெல்லத் தட்டினால், நல்ல வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். விரிசலுள்ளது மங்கிய ஒலி தரும். சுவரில் பொன்னிறக் கோடு தெரிந்தால், அது முன்பு உடைந்து பற்றவைக்கப்பட்டது என்று பொருள். புதிதாக அடர்ந்த வண்ணம் பூசப்பட்டிருந்தால் ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது, அடிப்பரப்பின் கோணல். எஃகு அளவுகோலின் விளிம்பை அடிப்பரப்பில் நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். முன்முனை, வாய்க்குச் சற்று முன்பகுதி, பின்முனை ஆகிய மூன்று இடங்களும் அளவுகோலைத் தொட்டால் போதும். இடையில் சிறிது ஒளி கசிந்தாலும் வேலை கெடாது. வாய்க்கு முன்பகுதி பள்ளமாக இருந்தால் சுருள் சீராக வராது. சிறிய கோணலைக் கண்ணாடிப் பலகையில் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்து நேராக்கலாம். உடல் முறுக்கிக்கொண்டிருந்தால் இயந்திரப் பட்டறைக்குச் செல்ல வேண்டும். அந்தக் கூலி கருவியின் விலையையே மிஞ்சக்கூடும்.

மூன்றாவது, அலகின் ஆயுள். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் அலகு சிறிது குறுகும். அலகின் நடுவிலுள்ள நீள்துளைக்கும் வெட்டும் முனைக்கும் இடையில் எவ்வளவு எஃகு மிஞ்சியிருக்கிறது என்பதே அதன் எஞ்சிய ஆயுள். முனைக்கு அருகில் பின்புறத்தில் ஆழமான அரிப்புக் குழிகள் இருந்தால், எவ்வளவு தீட்டினாலும் விளிம்பு பல்லுப்பல்லாகவே இருக்கும். முனையில் நீலநிறம் பாய்ந்திருந்தால், சாணைச் சக்கரத்தில் சூடேறி எஃகின் உறுதி போய்விட்டது என்று கொள்ளலாம்; நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கினாலன்றி அது கூர்மையைத் தாங்காது.

நான்காவது, காணாமற்போன திருகுகள். பழைய ஸ்டான்லி இழைப்புளிகளின் திருகுகள் சில வழக்கமான மரை அளவில் அமைந்தவை அல்ல. வன்பொருள் கடையில் கிடைக்கும் என்று எண்ணி வாங்கியவர்கள், ஒரு திருகுக்காக மாதக்கணக்கில் தேடியதுண்டு.

பெயரும் வயதும்

பழைமை தானாக விலையைக் கூட்டாது. வேலைக்கு வாங்குபவருக்கு வயது அறிதலின் பயன், பாகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தவைதாமா என்று அறிவதே. ஸ்டான்லி கருவியில் அலகை அழுத்திப் பிடிக்கும் மூடியின் துளை, சாவித்துளை வடிவில் இருந்தால் பொதுவாக 1930-களின் தொடக்கத்திற்கு முற்பட்டது. அவரை விதை வடிவில் இருந்தால் அதற்குப் பிற்பட்டது. உடலில் 1910 ஆம் ஆண்டுவரை மூன்று காப்புரிமைத் தேதிகள் வார்க்கப்பட்டிருந்தால், அது முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டிய தயாரிப்பு. உடல் ஒரு காலத்தையும் மூடி வேறொரு காலத்தையும் காட்டினால், பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்பது விளங்கும். அதனால் வேலை கெடும் என்பதில்லை. ஆனால் அபூர்வப் பொருளுக்குரிய விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

சேகரிப்பாளர்களின் கணக்கு வேறு. ஏறத்தாழ 5½ அங்குலமே உள்ள ஸ்டான்லி 1 ஆம் எண் வேலைக்கு அதிகம் பயன்படாது. அபூர்வமானது என்பதால் மிக உயர்ந்த விலை பெறுகிறது. அத்தகைய விலையைக் கேட்டால், துறை அறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வேலைக்கு வந்து சேரும் விலை

கணக்கியலில் ஓர் அடிப்படை விதி உண்டு. ஒரு சொத்தின் அடக்கவிலை என்பது வாங்கிய தொகை மட்டுமன்று. அதைப் பயன்படுத்தத்தக்க நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவும் சேர்ந்ததே. பழைய இழைப்புளிக்கு இவ்விதி மிகவும் பொருந்தும்.

விளக்கத்திற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். முதல் கருவியின் விலை ரூ.900. அலகு தேய்ந்துவிட்டது, புதிய அலகுக்கு ரூ.600. ஒரு திருகு இல்லை; அதைச் செய்துவாங்க ரூ.150. சரிசெய்ய ஒரு நாள் வேலை போகிறது. அந்நாளின் கூலி ரூ.800. ஆக மொத்தம் ரூ.2,450. இரண்டாவது கருவியின் விலை ரூ.1,800. துரு நீக்கித் தீட்டினால் போதும், பொருட்செலவு ரூ.100, அரைநாள் கூலி ரூ.400. ஆக மொத்தம் ரூ.2,300. சந்தையில் பாதி விலைக்குக் கிடைத்ததாகத் தோன்றிய கருவியே பட்டறையில் விலை கூடியதாகிவிடுகிறது.

பலர் விட்டுவிடுவது கூலியைத்தான். ‘நானே செய்துகொள்வேன், அதற்கென்ன செலவு?’ என்பார்கள். அந்த நாளில் வேறு வேலை செய்திருந்தால் வந்திருக்கும் வருமானமும் செலவே. இந்த மொத்தத் தொகையைப் புதிய இந்தியத் தயாரிப்பின் விலையோடு ஒப்பிட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும். மரவேலையைப் பொழுதுபோக்காகக் கொண்டோருக்குத் துரு நீக்குவதே மகிழ்ச்சி. அவர்கள் கூலியைக் கணக்கிட வேண்டியதில்லை.

விற்பவர் கவனத்திற்கு

முதல் அறிவுரை: எடைக்குப் போடாதீர்கள். எடைக்குப் போட்டால் வார்ப்பிரும்பின் விலை மட்டுமே கிடைக்கும். கருவிக்கு விலை கிடைக்காது. வீட்டில் தச்சுக்கருவிப் பெட்டி இருந்து, அதைப் பயன்படுத்துவோர் இல்லையெனில், தொழில் தெரிந்த தச்சர் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். பெட்டியை மொத்தமாகக் கேட்பவர், அதிலுள்ள ஒன்றிரண்டு நல்ல கருவிகளை மனத்தில் வைத்தே கேட்கிறார் என்பதை நினைவிற் கொள்க.

பாகங்களைக் கலக்காதீர்கள். சுத்தம் செய்வதற்காக நான்கைந்து இழைப்புளிகளை ஒன்றாகப் பிரித்துவிட்டு, எது எதனுடையது என்று தெரியாமல் பூட்டினால் அனைத்தின் மதிப்பும் குறையும். வார்ப்பு வேலைக்குரிய மர இழைப்புளிகள் குழிவும் குவிவுமாக இணையாக இருக்கும். இணையைப் பிரித்து விற்கலாகாது. சாணைச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குவதும் தவறு. தச்சர் அதைக் கண்டு ஐயுறுவார், சேகரிப்பாளர் ஒதுக்கிவிடுவார். தூசியைத் துடைத்து, எண்ணெய் தடவினால் போதும்.

படம் அனுப்பி விற்பதாயின் இரு பக்கங்கள், அடிப்பரப்பு, வாய், அலகின் பின்புறம், பொறிக்கப்பட்ட எழுத்துகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் எடுங்கள். அலகைத் தீட்டி, ஒரு பலகையில் இழைத்து, சுருளோடு சேர்த்து எடுத்த படம் எந்த விளம்பரத்தைவிடவும் நன்றாகப் பேசும். குறைகளை நீங்களே முதலில் எழுதிவிடுவது நேர்மை மட்டுமன்று. பின்னர் வரும் வழக்கையும் தவிர்க்கும்.

நூறாண்டைக் கடந்த கைவினைப் பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள், கலைக்கருவூலங்கள் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் யாரேனும் கேட்டால், இந்தியத் தொல்லியல் துறையிடம் தெளிவு பெற்ற பின்னரே அனுப்புக.

பணம் கைமாறும்போது

இணையத்தின் வழியே பழைய பொருள் விற்போர் குறிவைக்கப்படுகின்றனர். விலை பேசாமலே ஒப்புக்கொள்வார். ‘பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் குறியீட்டை வருடி பின் எண்ணை இடுங்கள்’ என்பார். இட்டவுடன் பணம் வராது, போகும். யுபிஐ வழியாகப் பணம் பெறுவதற்கு எவரும் எப்போதும் பின் எண்ணை இட வேண்டியதில்லை. இந்த ஒரு வரியை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.

வாங்குபவரும் பொருளைக் காணாமல் முன்பணம் அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும். இயன்றவரை நேரில் பார்த்து, பணத்தை வங்கிக் கணக்கு வழியாகச் செலுத்தி, எளிய ரசீது ஒன்று பெறுங்கள். நாள், பொருளின் பெயரும் எண்ணும், தொகை, இருவரின் பெயரும் கையொப்பமும் இருந்தால் போதும். திருட்டுப் பொருள் என்று அறிந்தோ நம்பக் காரணமிருந்தோ வாங்குவது குற்றமாகும்; உங்கள் நல்லெண்ணத்திற்கு அந்த ரசீது சான்று.

மோசடி நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்னும் உதவி எண்ணை அழைத்துப் புகார் அளியுங்கள்; உங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் நிறுத்த முடிவது முதல் சில மணி நேரங்களில்தான்.

வரியும் கடனும்

சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்த ஒரு கருவியைத் தனிநபர் விற்பதால் பொதுவாகச் சரக்கு, சேவை வரிப் பொறுப்பு எழாது. பழைய கருவி வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டு பதிவு பெற்றவர், உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்காதிருந்தால், விற்பனை விலைக்கும் கொள்முதல் விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டும் வரி செலுத்தும் முறையைப் பின்பற்றலாம். இதற்கும் கொள்முதல் ரசீதே ஆதாரம்.

தச்சுத் தொழிலில் கையாலும் கருவியாலும் உழைப்போருக்குப் பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் உள்ளது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் அடங்கும் 18 தொழில்களுள் தச்சும் ஒன்று. கருவித்தொகுதிக்காக ரூ.15,000 வரை மின்சீட்டு வழங்கப்படுகிறது. பிணையின்றி முதல் தவணையாக ரூ.1 லட்சமும், அதைச் சரிவரக் கையாண்டோருக்கு இரண்டாம் தவணையாக ரூ.2 லட்சமும், 5 சதவீத வட்டியில் கடன் கிடைக்கிறது. முதலாவதைத் திருப்பிச் செலுத்த 18 மாதங்கள். இரண்டாவதற்கு 30 மாதங்கள். பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்ய வேண்டும். கடன் தொகையில் பழைய கருவி வாங்கக் கருதுவோர் முன்கூட்டியே கிளை அலுவலரிடம் பேசி, என்ன ஆவணம் வேண்டுமெனக் கேட்டறிந்து செயல்படுவது நலம்.

அந்த இளைஞரின் விண்ணப்பத்துக்கு மீண்டும் வருகிறேன். நான்கு இழைப்புளிகளையும் பலகையில் வரிசையாக வைத்தார். ஒன்றில் விரிசல் இருந்தது. அதை அவரே தள்ளி வைத்துவிட்டார். மற்ற மூன்றுக்கும், இன்று சந்தையில் இவற்றைத் திரும்ப வாங்க வேண்டுமானால் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார். அந்தத் தொகையை அவர் கையாலேயே கட்டத்தில் எழுதினார். கடன் தீர்மானத்தை மாற்றும் அளவுக்கு அது பெரிய தொகையன்று. ஆனால் எழுதி முடித்ததும், பட்டறை மூலையில் திறந்து கிடந்த அந்த மூன்றையும் துடைத்து, பூட்டுள்ள அலமாரிக்குள் வைத்தார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படியொரு பெட்டி இருக்கக்கூடும். தராசில் ஏற்றுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.